தேதி காலியா?

கல்யாண வீட்டாரும் போட்டோகிராபரும் முதன்முதலாகப் பேசிக்கொள்ளும் பத்து நிமிடத்தில் என்னென்ன தீர்மானமாகிறது?

“வணக்கம் ப்ரோ. ஆவணி கடைசி முகூர்த்தம் தேதி காலியா? ரேட் எவ்ளோ?”

கல்யாண போட்டோகிராபர்களின் வாட்ஸ்அப்புக்கு வரும் விசாரணைகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். பெயர் இருக்காது, ஊர் இருக்காது. எந்த மண்டபம், முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்ற பேச்சே இருக்காது. இதே செய்தி இன்னும் ஏழெட்டுப் பேருக்குப் போயிருக்கிறது என்பது படிப்பவருக்கும் தெரியும். அவர் அந்த நேரத்தில் வேறொரு மண்டபத்தில் வேலையில் நின்றுகொண்டிருப்பார். பந்திக்குப் போகும் இடைவெளியில் ரேட் கார்டு பி.டி.எஃப்பைத் தட்டிவிடுவார். இரண்டு நீல டிக் விழும். அதோடு சரி. அந்த வீட்டாரிடமிருந்து மறுபடி ஒரு வார்த்தை வராது.

‘மார்க்கெட் டல்’ என்று இந்தத் தொழிலில் புலம்புகிறவர்களின் போனை வாங்கிப் பார்த்தால் இப்படிப்பட்ட நீல டிக்குகள் வரிசையாக நிற்கும். படம் எடுக்கத் தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. பலர் நன்றாகவே எடுப்பார்கள். பதிலுக்கு ஒரு கேள்வி கேட்காமல் விட்டதுதான் கோளாறு.

தமிழ்நாட்டில் கல்யாண போட்டோகிராபர் விற்பது தேதிகளை. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் கல்யாணம் கிடையாது. புரட்டாசியிலும் பல வீடுகளில் ‘ஐப்பசி பிறக்கட்டும்’ என்று தள்ளிப்போடுவார்கள். மிச்சமிருக்கும் மாதங்களில் வளர்பிறை முகூர்த்தத்துக்குத்தான் முதல் மவுசு. அதுவும் ஞாயிற்றுக்கிழமையோடு சேர்ந்து வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மண்டபம், சமையல்காரர், நாதஸ்வரம், பியூட்டீஷியன், போட்டோகிராபர் எல்லாருக்கும் ஒரே நாளில் அடிதடி. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் கொஞ்சம் முன்பின் மாறலாமே தவிர, நெரிசல் மாறாது. ஒரே தேதிக்கு ஐந்து வீட்டார் கேட்பார்கள். அதற்கடுத்த பத்து நாளுக்கு ஈ ஆடாது. துணிக்கடைக்காரர் விற்காத சேலையை ஆடித் தள்ளுபடியில் போட்டு ஓட்டிவிடலாம். சும்மா கழிந்த முகூர்த்த நாளை எந்தத் தள்ளுபடியிலும் விற்க முடியாது.

நாள் சும்மா போய்விடுமோ என்ற பயம்தான் இரண்டு தப்புகளுக்குக் காரணம். ஒன்று, கேட்டவருக்கெல்லாம் விலையைக் குறைத்து ‘சரி’ என்பது. இன்னொன்று, ஒரே தேதிக்கு இரண்டு வீட்டில் அட்வான்ஸ் வாங்கிவிட்டு, ஒரு வீட்டுக்குத் தானும் இன்னொரு வீட்டுக்கு உதவியாளரும் போவது. இரண்டாவதில் வரும் சண்டைதான் இன்றைக்குத் தொழிலின் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. “அவர் எடுத்த படத்தைப் பார்த்துத்தானே புக் பண்ணினோம், மண்டபத்துக்கு வந்தது முகம் தெரியாத ஒரு பையன்” என்ற குறையைக் கேட்காத கல்யாண வீடு குறைவு.

கேட்காமலே தெரிந்தவர்

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு வீட்டாரிடம் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளும் வேலையே இருந்ததில்லை. கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோ இருக்கும். பின்னால் மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்த திரை. குழந்தைக்குக் காது குத்தியதும் அங்கேதான் படம். பத்தாம் வகுப்புக்குப் பாஸ்போர்ட் சைஸ் எடுத்ததும் அங்கேதான். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் ஸ்டூடியோக்காரருக்குச் சொல்லி அனுப்பினால் போதும், வந்து நிற்பார். ஒரு ரோலில் 36 படம். ஒவ்வொரு கிளிக்கும் காசு. ஆகவே யாரை எடுக்க வேண்டும், யாரை விட்டாலும் பரவாயில்லை என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது. பெரியப்பா யார், எந்தத் தாய்மாமன் கோபித்துக்கொண்டு தள்ளி நிற்கிறார், எந்த அத்தையை மேடைக்குக் கூப்பிட மறந்தால் வருஷக்கணக்கில் பேச்சு வரும் என்பதெல்லாம் அதே தெருவில் வாழ்ந்தே தெரிந்துகொண்டவர் அவர்.

அந்த ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிச் சேர்த்து, டிஜிட்டலாக்கிக் காக்கும் வேலையைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செய்திருக்கிறது. குடும்பப் படங்களும் சமூக வரலாறுதான் என்று யாரோ நினைத்தார்களே, அதுவரை சந்தோஷம்.

அந்த ஸ்டூடியோ காலத்துக்குப் பிறகு வீடியோ வந்தது. கண் கூசும் ஹாலஜன் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு லைட்பாய், ரோஜாப்பூ விரிந்து அதற்குள்ளிருந்து மாப்பிள்ளை எட்டிப்பார்க்கும் மிக்சிங், பின்னணியில் சினிமாப் பாட்டு. அதுவும் போய் டிஜிட்டல் வந்தது. 2010-களில் ‘கேண்டிட்’ என்ற சொல் கல்யாண வீடுகளுக்குள் நுழைந்தது. இன்ஸ்டாகிராம் வந்தபின் தெருவும் ஊரும் கணக்கில் இல்லாமல் போயின. தேனியில் கல்யாணம், எடுப்பவர் சென்னையிலிருந்து வருகிறார். அவருக்கு அந்த வீட்டில் ஒருவரையும் தெரியாது. அவர்களுக்கும் அவரைத் தெரியாது. அவர் போட்ட ரீல்ஸைத் தெரியும், அவ்வளவுதான்.

தெருமுனை ஸ்டூடியோக்காரருக்கு இருபது வருடப் பழக்கத்தில் தெரிந்திருந்ததை, இந்தப் புதியவர் இரண்டு மூன்று சந்திப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டாக வேண்டும். ‘கிளையன்ட் ஆன்போர்டிங்’ என்று கார்ப்பரேட் பாஷையில் சொல்லிக் கட்டணம் வாங்கி வகுப்பு எடுக்கிறார்களே, அதன் சாரம் இவ்வளவுதான்.

பதிலுக்கு ஒரு கேள்வி

புக்கிங் நிறைய வைத்திருப்பவர்கள் அந்த முதல் வாட்ஸ்அப்புக்கு எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று கவனித்தால் ஒரு ஒற்றுமை தெரியும். “வாழ்த்துகள்ங்க. பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா? எந்த ஊர் மண்டபம்?” என்று கேட்டுவிட்டு, “ஒரு ரெண்டு நிமிஷம் பேசலாமா?” என்பார்கள். செய்தி அனுப்பியவர் அதுவரை ஒரு நம்பருக்கு அனுப்பினார். இப்போது ஒரு ஆளோடு பேசுகிறார்.

போனில் அடுத்துக் கேட்க வேண்டியது முகூர்த்த நேரம். 4.30 – 6 என்றால் பெண்ணின் அலங்காரம் நள்ளிரவிலேயே ஆரம்பமாகும். முதல்நாள் மாலை ரிசப்ஷன் முடித்து, பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு உட்காரக்கூட நேரமிருக்காது. 9 – 10.30 என்றால் கதையே வேறு. அப்புறம், “மாப்பிள்ளை வீட்டில் தனியா ஆள் வர்றாங்களா?” இந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டு மேடையில் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். கெட்டிமேளம் முழங்குகிறது, பெண் வீட்டு கேமரா இரண்டு, மாப்பிள்ளை வீட்டு கேமரா இரண்டு, நடுவில் எல்.இ.டி. திரைக்குப் படம் அனுப்பும் வீடியோக்காரர் ஒருவர், அட்சதையோடு கை நீட்டும் உறவினர் முப்பது பேர், அவர்கள் எல்லார் கையிலும் போன். தாலி கட்டும் சில நொடியில் யாருக்கும் முழுசாக ஒரு படம் கிடைக்காது. முன்னாடியே தெரிந்திருந்தால் அந்த டீமை அழைத்து “நீங்க இடப்பக்கம், நாங்க வலப்பக்கம்” என்று பேசி வைத்துக்கொள்ளலாம். தொழிலில் போட்டியாளர்களுக்குள் இந்த மரியாதை இருக்கிறது. போன் நம்பர் கேட்டு வாங்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.

சடங்கைப் பற்றிக் கேட்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. எந்தச் சாதி என்று கேட்காமல், “உங்க வீட்டு வழக்கம் எப்படிங்க, என்னென்ன சடங்கு உண்டு?” என்று கேட்பவர் பிழைத்தார். கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரிக்கான இணைச்சீர் உண்டு; மங்கல வாழ்த்து பாடுவார்கள். அதைப் ‘பாட்டு ஓடுகிறது, டீ குடித்துவிட்டு வரலாம்’ என்று நினைத்து நகர்ந்த கேமராக்காரரை அந்த வீட்டார் மன்னிக்க மாட்டார்கள். செட்டிநாட்டில் திருப்பூட்டும் கழுத்துருவும். ஐயர் வீட்டில் காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல் என்று காலை முழுக்க ஓட்டம். நிக்காஹ் என்றால் பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராபர் வேண்டும் என்பார்கள். அது கேட்ட பிறகு தேடுகிற விஷயமில்லை. தேவாலயத்தில் பாதிரியார் எந்த இடம்வரை கேமராவை அனுமதிப்பார் என்பது ஆலயத்துக்கு ஆலயம் மாறும். கோயிலில் கல்யாணம் என்றால் முன் அனுமதி இருக்கிறதா என்று கட்டாயம் கேட்டாக வேண்டும். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை போடச் சொன்னபிறகு, கேமராப் பையைப் பார்த்தாலே வாசலில் நிறுத்திக் கேட்கிறார்கள்.

அப்பாவோ அண்ணனோ இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்ல, அவர் மனதில் ஒன்று பதிகிறது: ‘இந்தத் தம்பிக்கு வேலை தெரியும்.’ போர்ட்ஃபோலியோவில் உள்ள நூறு படத்தைவிட இதற்கு வலு அதிகம்.

விலையை எப்போது சொல்வது? ‘நேரில் வாங்க, பேசிக்கலாம்’ என்று மூடி மூடி வைப்பது நம் வழக்கம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ‘இதிலிருந்து ஆரம்பம்’ என்று ஒரு தொகையை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது. கட்டுப்படியாகாத வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து வந்து, சங்கடப்பட்டு எழுந்து போக வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி.யையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டிப் பதிவு செய்தவர் பொதுவாக 18 சதவீதம் சேர்த்துத்தான் பில் போட முடியும். கடைசியில் சொன்னால் அது ஏமாற்று வேலையாகத்தான் தெரியும்.

மேசைக்கு எதிரே மூன்று பேர்

நேரில் வருபவர்கள் பெரும்பாலும் மூன்று பேர்: பெண், அப்பா, அம்மா. மூன்று பேருக்கும் மூன்று கவலை. பெண் போனை நீட்டி, “அண்ணா, இந்த மாதிரி லைட்டிங்ல வேணும்” என்று யாரோ ஒரு நடிகையின் கல்யாண ரீல்ஸைக் காட்டுகிறாள். அப்பாவுக்கு ஆல்பத்தில் கண் இல்லை, “தம்பி, எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? பார்த்துப் போட்டுச் சொல்லுங்க” என்கிறார். அம்மா இதுவரை வாயே திறக்கவில்லை. மேசைமேல் கிடக்கும் 12-க்கு 36 அளவு ஆல்பத்தைப் புரட்டுகிறார். பெண் ஜன்னலோரம் நிற்பது, மாப்பிள்ளை சட்டைக்கையை மடிப்பது, மருதாணிக் கை, காலணி, நகைப்பெட்டி. பத்துப் பக்கம் தாண்டியதும் நிமிர்ந்து கேட்கிறார்: “இதுல சொந்தக்காரங்க யாரையும் காணோமே?”

புக்கிங் அந்த இடத்தில்தான் நிற்கிறது, அல்லது விழுகிறது. ரசனை பெண்ணுடையது, பணம் அப்பாவுடையது, கடைசித் தீர்ப்பு அம்மாவுடையது. மொய் எழுதிவிட்டு மேடையேறி நின்ற ஒவ்வொருவரும் ஆல்பத்தில் இருக்க வேண்டும் என்பது அந்த அம்மாவுக்கு மரியாதைப் பிரச்சினை. வரிசையில் நிற்க வைத்து எடுக்கும் ‘ட்ரெடிஷனல்’ படத்தை மட்டம்தட்டும் கேண்டிட்காரர்களுக்கு இது புரிவதில்லை. பத்து வருடம் கழித்து அந்த வீட்டில் ஆல்பத்தைத் திறப்பவர்கள் வெளிச்சத்தையா பார்க்கிறார்கள்? ‘இதோ, நம்ம மாமா, அப்போ எப்படி இருந்தார் பாரு’ என்றுதான் பார்க்கிறார்கள். ஆகவே, பொறுக்கியெடுத்த இருபது படத்தைக் காட்டுவதைவிட, ஒரு கல்யாணத்தின் முழு ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை காட்டுகிறவர் நேர்மையானவர். வேலையின் உயரமும் தெரியும், சராசரியும் தெரியும்.

பேரம் இல்லாமல் இருக்காது. அதில் கூச்சப்படவும் ஒன்றுமில்லை. தொகையைக் குறைக்கச் சொன்னால் பொருளைக் குறைத்துக் காட்ட வேண்டும்: ட்ரோன் வேண்டாமா, எல்.இ.டி. திரை வேண்டாமா, ஆல்பத்தில் பத்து ஷீட் குறைக்கலாமா? எதையும் எடுக்காமல் விலையை மட்டும் சட்டென்று கால்வாசி இறக்கினால், முதலில் சொன்னது பொய் விலை என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

ஒத்துப்போனால் அட்வான்ஸ். இங்கேதான் நம் ஊர் தனி. ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம் என்றால், அந்த நேரத்தில் பணம் கை மாறாது. “புதன்கிழமை காலையில போட்டுவிடறேன் தம்பி” என்பார். அஷ்டமி, நவமி என்றாலும் அப்படித்தான். நல்ல நேரம் பார்த்து, தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் வீடுகள் இன்றும் உண்டு. ஜிபேயில் அனுப்பினாலும் 10,000 வராது. 10,001 என்றுதான் வரும். அந்த ஒரு ரூபாயில் நம்பிக்கை இருக்கிறது. இதைக் கேலியாகப் பார்க்கும் போட்டோகிராபர், “சார், இப்பவே போட்டாத்தான் டேட் லாக் ஆகும்” என்று நெருக்கி, கைக்கு வந்ததைக் கெடுத்துக்கொள்கிறார். “புதன் காலைவரை உங்களுக்காகப் பிடிச்சு வைக்கிறேன்; அதுக்குள்ள வேற யாராவது கேட்டா உங்களைக் கூப்பிட்டுச் சொல்லிட்டுத்தான் கொடுப்பேன்” என்று சொல்கிறவரிடம் புதன்கிழமை பணம் வந்துசேரும்.

மீதிப் பணம் எப்போது என்பதையும் அன்றைக்கே பேசிவிட வேண்டும். ஒரு லட்ச ரூபாய் வேலை என்று வைத்துக்கொள்வோம். கூட வரும் இரண்டாவது கேமராமேனுக்கும் வீடியோக்காரருக்கும் ட்ரோன்காரருக்கும் கல்யாணத்தன்றே, மிஞ்சினால் மறுநாளே சம்பளம் கொடுத்தாக வேண்டும். கார் வாடகை ரொக்கம். எடிட்டருக்கும் ஆல்பம் பிரிண்டுக்கும் பின்னால். கல்யாணம் முடிவதற்குள் பெரும்பகுதி கைக்கு வராவிட்டால் போட்டோகிராபர் தன் காசைப் போட்டு அடுத்தவர் கல்யாணத்தை நடத்துகிறார் என்று அர்த்தம். பாத்திரக்காரர், சமையல்காரர், மண்டபக்காரர் எல்லாரும் கணக்கு முடித்து வாங்கிப் போகும் அந்தக் காலைவேளையில் போட்டோகிராபர் மட்டும், “பரவாயில்லங்க, ஆல்பம் கொடுக்கும்போது வாங்கிக்கிறேன்” என்று பெருந்தன்மை காட்டுவார். ஆல்பம் கொடுக்கும் நாளில் வீட்டில் கல்யாணக் கடன்தான் மிச்சமிருக்கும்.

ஒரு தாள் போதும்

‘நமக்குள்ள எதுக்குங்க அக்ரிமென்ட்?’ என்ற பேச்சு 2020 வரை ஓடியது. அந்த ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்து பங்குனி, சித்திரை, வைகாசிக் கல்யாணங்கள் சிதறின. சில நின்றன, சில தள்ளிப்போயின, சில ஐம்பது பேரோடு வீட்டு வாசலில் நடந்தன. கொடுத்த அட்வான்ஸ் யாருக்கு? ஒரு வரிகூட எழுதி வைக்காதவர்கள் இருபுறமும் முழித்தார்கள். அதன்பிறகுதான் பலர் ஒரு தாளில் நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள்.

கொரோனா மறந்துபோனாலும் தீட்டு மறக்காது. முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பு பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்தால் கல்யாணம் தள்ளிப்போகும். அது யார் குற்றமும் இல்லை. புதிய தேதியில் போட்டோகிராபர் காலியாக இருந்தால் அட்வான்ஸை அப்படியே மாற்றிக்கொள்வது, இல்லாவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவது என்று எழுதிவிட்டால் துக்க வீட்டில் பணப் பேச்சு பேச வேண்டியதில்லை. ‘அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று பில் புக்கில் அச்சடித்து வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு, ஒப்பந்தம் முறிந்தால் நியாயமான இழப்பீட்டைத்தான் தரச் சொல்கிறது. நஷ்டத்துக்குச் சம்பந்தமில்லாத பெருந்தொகையைப் பிடித்துவைத்துக்கொண்டால் அச்சடித்த வரி காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

அந்தத் தாளில் முதல் வரி, நேரில் வந்து எடுக்கப்போவது யார் என்பதாக இருக்கட்டும். பெயரை எழுதிவிடுங்கள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று யார் என்பதையும் எழுதுங்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை கேமரா, ஆல்பம் எத்தனை ஷீட், ஹார்ட் டிஸ்க் யார் வாங்குவது, வீடியோ எத்தனை நாளில் என்பதெல்லாம் பலரும் எழுதிவிடுகிறார்கள். அதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது படத்தின் உரிமையைப் பற்றி. ‘நான் எடுத்த படம், எனக்குத்தான் சொந்தம்’ என்று போட்டோகிராபர்கள் உறுதியாக நம்புகிறார்கள். நம் நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்படும் புகைப்படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, அப்படிக் கேட்டு எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே பெண்ணின் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டு அடுத்த புக்கிங் பிடிக்க நினைப்பவர் முதலிலேயே கேட்டு, சம்மதத்தை எழுதி வாங்க வேண்டும். சில வீட்டில் ‘தாராளமாகப் போடுங்க’ என்பார்கள். சில வீட்டில் கண் திருஷ்டி என்று கல்யாணம் முடியும்வரை வேண்டாம் என்பார்கள். படத்தை எவனாவது எடுத்துத் தப்பாக மாற்றிவிடுவானோ என்ற பயத்தில் அறவே மறுக்கும் வீடுகளும் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

ட்ரோனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். விமான நிலையத்தை ஒட்டிய பகுதியில் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. பல்லாவரத்திலோ, கோவை பீளமேட்டிலோ மண்டபம் என்றால், பேக்கேஜில் ட்ரோனைப் போட்டுக் காசு வாங்குமுன் போட்டோகிராபர் இதை யோசித்திருக்க வேண்டும்.

யாருடைய படம் வேண்டும்?

அட்வான்ஸ் வாங்கிய கையோடு காணாமல் போய், முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மண்டப வாசலில் தென்படுகிறவர்கள் பலர். நடுவில் இருக்கும் மாதங்களில்தான் உண்மையான வேலை இருக்கிறது. கல்யாணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு அம்மாவை அழைத்து, அப்பாவை அல்ல, அரை மணி நேரம் பேசினால் போதும். வீட்டில் மூத்தவர் யார்? நடக்க முடியாத பாட்டி இருக்கிறாரா, அவரை எந்த வரிசையில் உட்கார வைப்பீர்கள்? யார் யாரைச் சேர்த்து நிறுத்தக் கூடாது? கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் தயங்கித்தான் கேட்க வேண்டும். ஆனால் அதற்குத்தான் நீளமான பதில் வரும்.

அப்பா இல்லாத பெண் என்றால் இந்தப் பேச்சு இன்னும் அவசியம். மண்டபத்துக்குக் கிளம்புமுன் வீட்டுச் சுவரில் மாலை போட்ட அப்பா படத்துக்கு முன் அவள் நின்று கும்பிடுவாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. விபூதித் தட்டை நீட்டும் அம்மாவின் கை நடுங்கும். யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். ‘மண்டபத்தில் 5 மணிக்கு ரிப்போர்ட் பண்ணுங்க’ என்று மட்டும் தெரிந்துகொண்டு வந்த போட்டோகிராபர் அப்போது மண்டபத்தில் பூ அலங்காரத்தை எடுத்துக்கொண்டிருப்பார். தட்டு, பூக்கோலம், நாற்காலி என்று முப்பது படம் ஆல்பத்தில் இருக்கும். அந்த ஒன்று இருக்காது. பணம் கொடுத்தாலும் திரும்ப எடுக்க முடியாத படம் அது. தாயிடம் ஒரு போன் பேசியிருந்தால் 4 மணிக்கு வீட்டு வாசலில் நின்றிருப்பார்.

மாப்பிள்ளை அமெரிக்காவில் வேலை என்றால் கேள்வி வேறு. மூன்று வாரம் லீவில் வருவார். கல்யாணம், உடனே திருமணப் பதிவு, அடுத்து பெண்ணுக்கு எச்-4 விசா. நேர்காணலுக்குக் கல்யாணப் படங்களை எடுத்துப் போவது வழக்கம். ‘ஆல்பம் ஆறு மாதத்தில்’ என்ற பதில் அந்த வீட்டுக்கு உதவாது. இரு வீட்டாரும் சேர்ந்து நிற்கும் படங்கள், தாலி கட்டும் படம், ரிசப்ஷன் மேடை என்று ஒரு இருபதை ஒரு வாரத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் போதும். இதைக் கேட்காமலே முன்வந்து சொல்கிறவருக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை பார்க்கும் அடுத்த நான்கு வீடுகளின் நம்பர் தானாக வரும். தொழிலில் விளம்பரத்துக்குச் செலவழிக்கும் காசில் பாதியை இப்படி மிச்சப்படுத்தலாம் என்பது என் கட்சி.

ஆல்பம் தாமதமாவதற்குப் பெரும்பாலும் போட்டோகிராபரைத்தான் திட்டுகிறோம். முழு நியாயம் அது இல்லை. மூவாயிரம் படத்திலிருந்து இருநூறைப் பொறுக்கித் தர வேண்டியது வீட்டார். பெண் புகுந்த வீட்டில், அல்லது வெளிநாட்டில். மாமியாரைக் கேட்டு, நாத்தனாரைக் கேட்டு, ‘இந்த வாரம் பார்த்துடறோம் அண்ணா’ என்று சொல்லிச் சொல்லியே வளைகாப்பு வந்துவிடும். இதற்கிடையில் பேப்பர் விலை ஏறியிருக்கும். ஆகவே படங்களைத் தேர்வு செய்து தர எத்தனை மாதம், அதன்பின் விலை மாறுமா, படங்களின் பிரதியை எத்தனை நாள் பத்திரமாக வைத்திருப்பார் என்ற மூன்றையும் அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு.

வரும் தையில் வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களே, அட்வான்ஸ் அனுப்பும் முன் அந்தத் தாளை அப்பாவும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். தாள் தரமாட்டேன் என்கிறவருக்கு எவ்வளவு நல்ல நேரத்திலும் பணம் போடாதீர்கள். ஆல்பம் வராமல், ஆளும் போனை எடுக்காமல் போனால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அங்கே முதலில் கேட்பது ரசீதையும் ஒப்பந்தத்தையும்தான். வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள்.